'ஒன்னுமில்லை கண்ணு' என்கிறார் அப்பா

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 64. தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. தம்பி பெங்களூரில். ஆரம்பத்தில் அப்பா தைரியமாகத்தான் இருந்தார். கடந்த மூன்று மாதமாக ஆளே மாறிவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறாராம், சித்தப்பா சொன்னார். எப்போதோ விட்ட குடியை மறுபடி தொட்டிருக்கிறார். 'நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது, உங்களுக்கும் பாரம்' என்கிறார். போன மாதம் கறவை மாடு இரண்டையும் விற்றார். கேட்டதற்குத் தீவனம் போட ஆள் இல்லை என்றார். என்னை வரச்சொல்லி பாஸ்புக், பத்திரம், எல்.ஐ.சி. எல்லாம் எங்கே இருக்கிறது என்று காட்டினார். விசேஷம் எதுவும் இல்லாத நாளில் அம்மாவின் சங்கிலியை என் மகள் கழுத்தில் போட்டுவிட்டார். பத்து நாளாக முகம் தெளிவாக இருக்கிறது, சிரித்துப் பேசுகிறார். எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைகிறது. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்கலாமா? கேட்டால் நாமே கிளப்பிவிட்டது போல ஆகிவிடும் என்கிறார் பெரியம்மா. மனநல மருத்துவரிடம் போனால் போலீஸ் கேஸ் ஆகுமா?

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே நாம் போனில் பேசிவிட்டோம். இன்றிரவு முதல் சித்தப்பா சாளையில் அப்பாவோடு படுத்துக்கொள்வார், நாளை காலை நீங்கள் கிளம்புகிறீர்கள் என்று முடிவும் செய்தாயிற்று. பதற்றத்தில் கேட்டதில் பாதி மனதில் நின்றிருக்காது, தம்பியும் பெரியம்மாவும் படிக்கட்டும் என்றுதான் இப்போது எழுத்தில் தருகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நீங்கள் பயப்படுவது அதிகப்படி இல்லை.

நம் வீட்டுப் பெரியவர்கள் 'சீக்கிரம் போய்ச் சேர்ந்தாத் தேவலை' என்று சொல்லாத வாரம் உண்டா? முழங்கால் வலித்தால் சொல்வார்கள், மருமகள் காபியை ஆறவைத்துக் கொடுத்தால் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்துவிட்டது. மனதார நினைத்துச் சொல்பவரின் குரலும் அந்தக் கும்பலோடு போய்விடுகிறது. அதனால் நான் பேச்சை மட்டும் வைத்து எடைபோடுவதில்லை. பேச்சோடு சேர்ந்து வாழ்க்கையில் என்னென்ன மாறியது, எவ்வளவு நாளுக்குள் மாறியது என்று பார்ப்பேன்.

உங்கள் அப்பா செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. தீவனத்துக்கு ஆள் கிடைக்காதது உண்மை. மனைவி போனபின் பத்திரம் எங்கே என்று பிள்ளைகளிடம் காட்டுவது பொறுப்புள்ள மனிதர் செய்கிற காரியம். சங்கிலி பேத்திக்குத்தானே போனது! இப்படித் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் சொந்தக்காரர்கள் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. மூன்றே மாதத்தில் தூக்கம் போய், விட்ட குடி திரும்பி, தான் பாரம் என்ற பேச்சு வந்து, அதன் பிறகு மாடும் நகையும் கைமாறியிருக்கின்றன. இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இவற்றில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, மற்றவர்களுக்கு நிம்மதி கொடுத்த அந்தப் பத்து நாள் தெளிவு. சாகலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் உள்ளுக்குள் மல்லுக்கட்டிய ஒருவர், ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் முகத்தில் அமைதி தெரிவதுண்டு. சிரிப்பைப் பார்த்த உடனே இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையாகவே தேறி வருபவர்களும் சிரிப்பார்கள். ஆனால் தேறுகிறவருக்குத் தூக்கம் திரும்பும், வாய்க்கு ருசி தெரியும், வரப்போகிற நாளைப் பற்றிப் பேச்சு வரும். அப்பா இப்போதும் இரண்டு மணிக்கு எழுந்துவிடுகிறார், அடுத்த பட்டத்துக்கு வெங்காயம் வைப்பதா சோளம் போடுவதா என்று ஒரு வார்த்தை பேசவில்லை என்று போனில் சொன்னீர்கள். அதைக் கேட்டபின்தான் சித்தப்பாவை இன்றிரவே போகச் சொன்னேன்.

மனைவி போன துக்கம் இருக்கத்தானே செய்யும் என்று தம்பி கேட்டாராம். இருக்கும். துக்கம் விட்டுவிட்டு வரும். அம்மா வைத்த கருவேப்பிலைச் செடியைப் பார்த்தால் பொங்கும், பேத்தி வந்தால் கொஞ்சம் விலகும். மனச்சோர்வு நோய் அப்படி விலகுவதில்லை. அதோடு, துக்கத்தில் இருப்பவர் 'அவள் இல்லையே' என்று அழுவார். மனச்சோர்வில் இருப்பவர் 'நான் எதற்கு' என்று கேட்பார். வயதான ஆண்களிடம் இது அழுகையாக வெளிப்படுவதும் குறைவு. வயிறு மந்தம், உடம்பு அசதி, மலச்சிக்கல், எதைத் தொட்டாலும் எரிச்சல் என்று வரும். வேட்டி இடுப்பில் நிற்காமல் தளர்ந்திருந்தால் எடை குறைந்திருக்கிறது என்று அர்த்தம், போனதும் கவனியுங்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். இந்திய அளவில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். ஆண்களைத் தைரியசாலி என்று சொல்லிச் சொல்லியே தனியாக விட்டுவிடுகிறோம் என்பது என் அபிப்பிராயம்.

இனி பெரியம்மாவின் சந்தேகம். நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அது சரியில்லை. கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. இதைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்; நேராகக் கேட்டதால் எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை. உள்ளே வைத்துப் புழுங்கியவருக்கு, ஒருத்தராவது கேட்டார்களே என்று மூச்சு விட்டது போல இருக்கும்.

ஆனால் கேட்கும் விதம் உண்டு. 'தப்பா எதுவும் நெனச்சுடலையே?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே 'இல்லைன்னு சொல்லுங்கப்பா' என்ற கெஞ்சல் இருக்கிறது. மகள் மனசு நோகக்கூடாதென்று அவரும் இல்லை என்றுதான் சொல்வார். போனில் கேட்க வேண்டாம், அவர் குடித்திருக்கும்போது வேண்டாம், நாலு பேர் நடுவில் வேண்டாம். வரப்பில் கூடவே நடக்கும்போதோ, கயிற்றுக்கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதோ கேளுங்கள். முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்டால் நம்மூர் ஆண்கள் 'ஒன்னுமில்லை கண்ணு' என்று எழுந்து மோட்டார் போடப் போய்விடுவார்கள்.

உங்கள் வீட்டுப் பேச்சிலேயே கேளுங்கள். "அப்பா, அம்மா போனதுக்கப்புறம் நீங்க தூங்கறதே இல்லைங்க. மாட்டை வித்துட்டீங்க. பாரம் பாரம்னு சொல்றீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்கப்பா. உசுர விட்டுடலாம்னு நெனப்பு வருதுங்களா?" இவ்வளவுதான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வர நேரமாகலாம். அந்த இடைவெளியில் நீங்களே ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவதுதான் பெரிய ஆபத்து.

'ஆமா கண்ணு' என்று சொன்னால், அலறாதீர்கள். கண்ணீர் வந்தால் வரட்டும், அதனால் கெடுதல் இல்லை. 'சொன்னீங்களே, அது போதுங்கப்பா' என்று சொல்லுங்கள். அப்புறம் இன்னும் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்: எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்காக எதையாவது எடுத்து வைத்திருக்கிறாரா. வெறும் நினைப்பு என்றால் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். திட்டமும் கையில் வழியும் இருந்தால் அவரை ஒரு நிமிடமும் தனியாக விடாமல் அன்றே கூட்டிப்போக வேண்டும். இதற்கு முன் எப்போதாவது முயன்றாரா என்பதையும் கேளுங்கள், குடும்பத்துக்குத் தெரியாமலே நடந்திருக்கலாம். முன்பு ஒருமுறை முயன்றவர் என்றால் ஆபத்து பல மடங்கு.

'இல்லை' என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். 'சரிங்கப்பா, எப்ப அப்படித் தோணினாலும், ராத்திரி ரெண்டு மணியானாலும் என்னைக் கூப்பிடுங்க' என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். இல்லை என்ற வார்த்தையை நம்பி சித்தப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம்.

'யார்கிட்டயும் சொல்லாதே' என்பார். அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். 'ஊர் பூராச் சொல்ல மாட்டேங்கப்பா, ஆனா தம்பிக்கும் டாக்டருக்கும் சொல்லித்தான் ஆகணும்' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

சத்தியம் வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் முதலில் நடப்பது அதுதான். 'என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க' என்று மகளும், 'குலசாமி மேல ஆணை' என்று பெரியம்மாவும். அதை வாங்கியதும் வீட்டார் நிம்மதியாகக் கண் அசந்துவிடுகிறார்கள். அவருக்கோ, மறுபடி அந்த எண்ணம் வரும்போது வெளியே சொல்ல முடியாமல் வாய் கட்டப்பட்டுவிடுகிறது. சத்தியம் யாரையும் காத்ததாக எனக்குத் தெரிந்து எந்த ஆதாரமும் இல்லை. 'பேத்தி முகத்தைப் பார்த்தாவது', 'ஊர் என்ன பேசும்', 'உங்களுக்கு என்ன குறை' ஆகியவையும் அப்படித்தான். ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் குமைகிறவர் தலையில் இன்னும் ஒரு கல்லை ஏற்றுவதுதான் மிச்சம். குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப்போக விரும்பினால் தாராளமாகப் போங்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அவரிடம் கேட்பதற்கு இணையாக முக்கியமான ஒன்று, சாளையில் இருக்கும் வயலுக்கு அடிக்கும் மருந்து. நாளை போனதும் அது வீட்டை விட்டுப் போக வேண்டும். காலியான டப்பா, பாதி டப்பா, பரண்மேல் மறந்துபோனது எல்லாம் சேர்த்து. சித்தப்பா வீட்டில் பூட்டி வைக்கட்டும், மருந்தடிக்கும் நாளில் அவரே கொண்டுவந்து அடித்துவிட்டு அவரே எடுத்துப் போகட்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளையும் ஒரு வாரத்துக்கு மேல் அப்பா கையில் வைக்காதீர்கள். ஒளித்து மறைத்துச் செய்யத் தேவையில்லை. 'நீங்க தேறுற வரைக்கும் இது இங்க வேண்டாங்கப்பா' என்று சொல்லியே செய்யலாம்.

'சாகணும்னு நினைக்கிறவனுக்கு வழியா இல்லை?' என்று ஊரில் யாராவது தத்துவம் பேசுவார்கள். சாகவேண்டும் என்ற வேகம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் சிறிது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் போனால், பலருக்கு அந்த அலை தணிந்துவிடுகிறது. இலங்கையைப் பாருங்கள். 1990-களின் நடுவில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. 1995 முதல் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. வறுமையும் கடனும் குடும்பச் சண்டையும் அங்கிருந்து போய்விடவில்லை. நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியிலும் வங்கி லாக்கர் போலக் கிராமத்துக்குப் பொதுவான இடத்தில் பூட்டுப் பெட்டிகள் வைத்து, விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். விவசாயிகள் அதை ஏற்றுப் பயன்படுத்தவும் செய்தார்கள். இதைச் செய்தவர் சென்னையில் 1986 இல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார்.

குடியும் இதே கணக்குதான். குடித்திருக்கும்போது தயக்கம் கரைந்துவிடுகிறது. ஆனால் தினமும் அதிகமாகக் குடிப்பவராக இருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, வலிப்பு வரலாம். எவ்வளவு குடிக்கிறார் என்பதைச் சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

போலீஸ் கேஸ் பயம் வேண்டாம். எண்ணம் வந்தது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவைக்கூட 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பெரும்பாலும் செயலற்றதாக்கிவிட்டது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309 கிடையாது. நீங்கள் அப்பாவைக் கூட்டிப்போவது தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்குமான சிகிச்சைக்கு. மருத்துவர் அதை ஊருக்குச் சொல்லவும் கூடாது.

'பைத்தியக்கார டாக்டர்கிட்ட நான் எதுக்கு' என்று முரண்டு பிடிப்பார். பொய் சொல்லி ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள். அங்கே போய்ப் பெயர்ப்பலகையைப் பார்த்தபின் உங்களையும் நம்பமாட்டார், மருத்துவரையும் நம்பமாட்டார். 'தூக்கமில்லைங்கப்பா, அதுக்குப் பார்க்கலாம்' என்பது உண்மைதானே, அதைச் சொல்லுங்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு செலவில்லை. அவர் வர மறுத்து, ஆபத்தும் கண்முன் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். நடுராத்திரி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், அப்பா மட்டுமில்லை, நீங்களும் பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு. சினேகாவின் எண் 044-24640050. இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கு 1926, சிங்கப்பூரில் 1767.

மருந்து ஆரம்பித்தால் முதலில் தூக்கம் சீராகும், மனசு தெளிய இரண்டு முதல் நாலு வாரமாவது ஆகும். 'ஒரு வாரமாச் சாப்பிடறேன், ஒன்னும் ஆகலை' என்று நிறுத்திவிடுவார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மனச்சோர்வு மருந்துக்கு அடிமையாகிவிடுவார் என்பது கட்டுக்கதை; தூக்க மாத்திரையைத்தான் மருத்துவர் சொன்ன நாளோடு நிறுத்த வேண்டும். அந்த முதல் சில வாரம் கூடுதல் கவனம் தேவை. மனசு தெளியும் முன்பே உடம்புக்குத் தெம்பு வந்துவிடும் காலம் அது.

பெங்களூரிலிருந்து தன்னால் என்ன செய்துவிட முடியும் என்று தம்பி கேட்டதாகச் சொன்னீர்கள். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் செய்த ஆய்வு ஒன்று 2008 இல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, பிறகு 18 மாதம் வரை அவ்வப்போது போனிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். அவ்வளவே. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் வெகு குறைவு. ஆகவே தம்பி தினமும் ஒரே நேரத்தில் கூப்பிடட்டும். 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டு வைத்துவிடாமல், தென்னைக்குத் தண்ணி எப்படி, இந்த வாரம் சந்தையில் என்ன விலை என்று அப்பாவுக்குத் தெரிந்ததைக் கேட்கட்டும். தேறிவிட்டார் என்று தெரிந்த மூன்றாம் மாதத்தில் இந்த போன் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காவல் இருப்பதை நீங்களும் சித்தப்பாவும் தம்பியும் முறைபோட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஒருத்தரே தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் நாலாவது நாள் உங்களுக்கே முடியாமல் போய்விடும். அந்த மாட்டை யார் வாங்கினார்கள், திருப்பிக் கொடுப்பார்களா என்று சித்தப்பாவை விசாரிக்கச் சொல்லியிருந்தீர்கள். நல்ல யோசனை, ஆனால் இப்போது வேண்டாம். மாடு வேண்டும் என்று அவர் வாயிலிருந்து வரட்டும்.

ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குமேல் புறநோயாளிப் பிரிவில் ஆள் இருக்கமாட்டார்கள். அப்பாவின் பழைய மருந்துச் சீட்டுகளையும் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையையும் எடுத்துச் செல்லுங்கள். தைராய்டு பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்களிடம் தனியாக ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாடு, பத்திரம், சங்கிலி, அந்தப் பத்து நாள் எல்லாவற்றையும் எனக்கு எழுதியதுபோல அதே வரிசையில் அவரிடமும் சொல்லுங்கள்.